கூரை இல்லாத காருக்கு எதற்கு விலக்கு?

1976 ஏப்ரலில் டெட்ராய்ட் நகரத்துக் காடிலாக் தொழிற்சாலையில் ஒரு காருக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. வெள்ளை நிற எல்டொராடோ கன்வெர்ட்டிபிள். அமெரிக்காவில் தயாராகும் கடைசி ஓப்பன் கார் இதுதான் என்று நிறுவனம் ஊரறியச் சொல்லியிருந்தது. அந்த ஆண்டு தயாரான 14,000 கார்களில் கடைசி 200 கார்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி வெள்ளையில் செய்யப்பட்டன. இனிமேல் கிடைக்காது என்று நம்பி, பட்டியல் விலைக்கு மேல் கொடுத்து வாங்கி, ஓட்டாமலே மூடி வைத்தவர்கள் உண்டு. 1984-இல் அதே காடிலாக் எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர்களில் சிலர் கோர்ட் படியேறினார்கள்.

ஓப்பன் கார் சாகப்போகிறது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரு காரணம், விற்பனை விழுந்திருந்தது. 1965-இல் அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற வகை அது. ஏ.சி. பரவி, நெடுஞ்சாலைகளில் வேகம் கூடிய பிறகு, காற்றில் தலை கலைய ஓட்டும் ஆசை குறைந்துவிட்டது. இன்னொரு காரணம் பயம். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்கக் கூடாது என்று வாஷிங்டன் சட்டம் போடப்போகிறது என்ற செய்தி தயாரிப்பாளர்களை உலுக்கியது. கூரையே இல்லாத காரை அந்தச் சோதனையில் எப்படித் தேற வைப்பது? பிரிட்டனின் டிரையம்ப் நிறுவனம் 1975-இல் டி.ஆர்.7 ஸ்போர்ட்ஸ் காரைக் கூரை மூடிய கூபேயாக மட்டுமே வெளியிட்டது. கூரை திறக்கும் வடிவம் வர 1979 ஆனது.

சட்டம் வரத்தான் செய்தது. ஆனால் கன்வெர்ட்டிபிளை அது தொடவே இல்லை. 216 என்ற எண் கொண்ட அமெரிக்கக் கூரை வலிமை விதி 1973-இல் நடைமுறைக்கு வந்தபோது, கன்வெர்ட்டிபிள்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கிரைஸ்லர் வேறொரு பாதுகாப்பு விதியை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், பாதுகாப்பின் பெயரால் கன்வெர்ட்டிபிள் என்ற வகையையே ஒழித்துவிடுவது சட்டத்தின் நோக்கமல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. தன்னைத் தொடாத சட்டத்துக்குப் பயந்து ஒரு வகைக் காரையே கைவிட்ட கதை இது. 1982-இல் கிரைஸ்லர் தலைவர் லீ ஐயகோக்கா லெபரான் கன்வெர்ட்டிபிளை இறக்கி, அந்தப் பயத்துக்கு முடிவு கட்டினார்.

விலக்கு மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது. அதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

கூபே ஒன்று 216-ஆம் விதியின் சோதனையில் என்ன பாடு படுகிறது என்று பார்த்தால் விலக்கின் அளவு புரியும். காரின் அடிப்பாகத்தை அசையாமல் இறுக்கிப் பிடித்துவிடுவார்கள். விண்ட்ஷீல்டுக்கு மேலே, கூரையின் முன் மூலையில், சாய்வாக ஒரு பெரிய எஃகுப் பலகையை வைத்து மெதுவாக அழுத்துவார்கள். பலகை ஐந்து அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர் இறங்குவதற்குள் குறிப்பிட்ட சுமையைக் கூரை தாங்கிக் காட்ட வேண்டும். முதலில் அந்தச் சுமை காரின் எடையில் ஒன்றரை மடங்காக இருந்தது. 2009-இல் மூன்று மடங்காக உயர்த்தினார்கள். ஒரு பக்கம் அழுத்திய பிறகு, அதே காரை மறுபக்கமும் அழுத்த வேண்டும் என்றார்கள். 1,500 கிலோ எடையுள்ள கூபே என்றால் ஒவ்வொரு பக்கமும் நாலரை டன். அதே பெயரில், அதே எஞ்சினுடன், அதே ஷோரூமில் பக்கத்தில் நிற்கும் கன்வெர்ட்டிபிள் இதில் ஒரு கிலோவைக்கூடத் தாங்கிக் காட்ட வேண்டியதில்லை.

இன்னொரு விலக்கும் உண்டு. கவிழும் காரிலிருந்து ஆட்கள் ஜன்னல் வழியே வெளியே வீசப்படுவதைத் தடுக்க 2011-இல் 226 என்ற விதி வந்தது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக்குகள் பெரிதாகவும் உறுதியாகவும் மாறியதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம். அந்த ஏர்பேக்குகள் கூரையின் ஓரச் சட்டத்தில் மடிந்து இருந்து கீழ்நோக்கி விரிபவை. ஓரச் சட்டம் இல்லாத கன்வெர்ட்டிபிளில் அவற்றை எங்கே பொருத்துவது? ஆகவே இந்த விதியிலும் கன்வெர்ட்டிபிளுக்கு இடமில்லை.

அப்படியானால் ஓப்பன் கார்கள் சாலையில் ஆட்களைக் கொன்று குவிக்கின்றனவா? இல்லை என்பதுதான் வியப்பு.

காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.எச்.எஸ். 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே மாடலின் கன்வெர்ட்டிபிள் வடிவத்தையும் கூரை உள்ள வடிவத்தையும் எதிரெதிரே நிறுத்தி, 2014 முதல் 2018 வரை நடந்த விபத்துகளை எண்ணினார்கள். ஓடிய மைலுக்குக் கணக்கிட்டால், போலீஸ் பதிவில் ஏறிய விபத்துகள் கன்வெர்ட்டிபிளில் 6 சதவீதம் குறைவு. ஓட்டுநர் மரண விகிதம் 11 சதவீதம் குறைவு. ஆனால் புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் பெரிதல்ல. கூரை இல்லை என்பதற்காக ஆபத்து கூடிவிடவில்லை என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளலாம். ஓப்பன் கார் ஆர்வலர்கள் இந்த இடத்தில் ஆய்வை மூடி வைத்துவிட்டுக் கைதட்டுவார்கள்.

அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். உயிரிழந்த ஓட்டுநர்களில் காரிலிருந்து வெளியே வீசப்பட்டவர்கள் கூரை உள்ள கார்களில் 17 சதவீதம்; கன்வெர்ட்டிபிளில் 21. கார் கவிழ்ந்த விபத்துகளை மட்டும் பிரித்தெடுத்தால் 35-க்கு எதிராக 43. ஆக, மொத்த ஆபத்தில் பெரிய வேற்றுமை இல்லாவிட்டாலும், கவிழ்தல் என்ற ஒரு தருணத்தில் கூரையின் வேலை தெரிகிறது. கன்வெர்ட்டிபிள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எப்படி ஓட்டுகிறார்கள் என்பதும் மொத்தக் கணக்கில் கலந்திருக்கிறது. நல்ல வெயில் நாளில், வீட்டின் இரண்டாவது காராக வெளியே எடுக்கப்படும் வண்டி அது. சீட் பெல்ட் போடுவதில் அவர்கள் ஒரு மாற்று மேல், வேகத்தில் ஒரு மாற்றுக் குறைவு என்று அதே ஆய்வு சொல்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதில் மட்டும் கொஞ்சம் முன்னே நிற்கிறார்கள். நிதானமான ஓட்டுநர் சம்பாதித்த நற்பெயரைக் காரின் கட்டமைப்புக்குப் பட்டயமாக எழுதிக் கொடுக்க முடியாது.

முதலில் ஸ்போர்ட்ஸ் கார் கவிழ்வதே அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதற்கு அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, வண்டியின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். சாதாரண கார்களுக்கு விடை 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. அகலமாகப் பரந்து தரையோடு தரையாக இருக்கும், இரு இருக்கை ஓப்பன் காரான ரோட்ஸ்டர் இந்தக் கணக்கில் நல்ல மார்க் வாங்கும். அதனுடன் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடான ஈ.எஸ்.சி. சேர்ந்தபோது கவிழும் விபத்துகள் இன்னும் குறைந்தன.

ஆனாலும் தட்டையான சாலையில் வெறும் வேகத்தால் கவிழும் கார்கள் மிகச் சில. ஒற்றை வாகனம் கவிழும் விபத்துகளில் சுமார் 95 சதவீதம் ஏதோ ஒன்று தட்டிவிட்டு நடப்பவை: சாலையோர மண்ணில் சக்கரம் புதைவது, நடைபாதைக் கல்லில் மோதுவது, தடுப்புச் சரிவில் ஏறுவது. அங்கே ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பது ஓரளவுக்குத்தான் உதவும். கவிழ்ந்துவிட்டாலோ கணக்கு வேறு. 2010-இல் அமெரிக்காவில் கார், எஸ்யூவி, பிக்கப், வேன் ஆகியவை சிக்கிய விபத்துகளில் கவிழ்ந்தவை வெறும் 2.1 சதவீதம், மரணங்களில் அவற்றின் பங்கு ஏறக்குறைய 35 சதவீதம்.

கூரை வலுவாக இருந்தால் உயிர் பிழைக்குமா என்பதே நெடுங்காலம் சண்டையாக இருந்தது. 1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே மாலிபு கார்களைக் கவிழ்த்துப் பார்த்தது. பாதிக் கார்களில் இரும்புக் கூண்டு கட்டியிருந்தார்கள். மீதியில் தொழிற்சாலைக் கூரை மட்டும். கழுத்தில் விழும் சுமைக்குக் கூரை நசுங்குவது காரணமல்ல, ஆள் தலைகீழாகக் கூரையில் போய் மோதுவதே காரணம் என்று நிறுவனப் பொறியாளர்கள் முடிவு சொன்னார்கள். பல வழக்குகளில் தயாரிப்பாளர்களின் வக்கீல்களுக்கு அது ஆயுதமானது. பிறகு 2008-இல் ஐ.ஐ.எச்.எஸ். 11 நடுத்தர எஸ்யூவிகளின் கூரை வலிமையை உண்மையான விபத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டு, கூரை பலமாக இருந்த வண்டிகளில் கடுமையான காயங்களும் மரணங்களும் கணிசமாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. விதியின் சுமை காரின் எடையில் மூன்று மடங்காக உயர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

கூரைக்குப் பதில் கன்வெர்ட்டிபிளில் என்ன இருக்கிறது? நல்ல கன்வெர்ட்டிபிள் என்றால், முன்னே விண்ட்ஷீல்டு சட்டமும் பின்னே இருக்கைகளுக்குப் பின்னாலான வளைவும். இந்த இரண்டின் உச்சியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், தலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். கார் தலைகீழானாலும் தரை தலையைத் தொடாது. விண்ட்ஷீல்டு தூண்களுக்குள் உயர்வலிமை எஃகுக் குழாய் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கூபேயின் தூணும் இதன் தூணும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதை முதலில் அழகாகவே செய்து காட்டியது போர்ஷே. 1965 பிராங்பர்ட் கார் கண்காட்சியில் வந்த 911 டார்கா, இருக்கைகளுக்குப் பின்னால் அகலமான ஒரு பளபள எஃகு வளைவோடு நின்றது. அமெரிக்கச் சட்டம் எப்படி வந்தாலும் சமாளிக்கலாம் என்ற முன்னெச்சரிக்கை, பின்னாளில் அந்தக் காரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1979-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கன்வெர்ட்டிபிளில் நடுவே ஒரு நிலையான வளைவு. கைப்பிடி வைத்த கூடை மாதிரி இருந்ததால் ஜெர்மானியர்கள் அதை ஸ்ட்ராபெரிக் கூடை என்று கிண்டல் செய்தார்கள். கிண்டலோடு லட்சக்கணக்கில் வாங்கவும் செய்தார்கள்.

வளைவு கண்ணை உறுத்துகிறது என்று முகம் சுளித்தவர்களுக்கு 1989-இல் மெர்சிடிஸ் பதில் தந்தது. ஆர்129 தலைமுறை எஸ்.எல். காரில் வளைவு பின்னிருக்கைப் பகுதியில் படுத்துக் கிடக்கும். கார் கவிழப்போகிறது என்று சென்சார் உணர்ந்தால் 0.3 விநாடியில் நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும். சந்தேகப் பிராணிகளுக்காக, கையாலேயே தூக்கி நிறுத்த ஒரு சுவிட்சும் கொடுத்திருந்தார்கள். இன்று பல ஜெர்மன் கன்வெர்ட்டிபிள்களில் தலைசாய்ப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரு வளைவுகள் இதன் வாரிசுகள். ஆஸ்டன் மார்ட்டின் டிபி9 வோலாந்தேயில் கூரை மூடியிருக்கும்போது கவிழ்ந்தால், வளைவுகள் பின்புறக் கண்ணாடியை உடைத்துக்கொண்டே எழும்பும். 2006-இல் வந்த வோல்வோ சி70 இன்னொரு சிக்கலைத் தீர்த்தது: திரை ஏர்பேக்கைக் கூரையிலிருந்து இறக்க முடியாது என்பதால், கதவிலிருந்து மேல்நோக்கி எழுப்பியது. கூரைச் சட்டம் இல்லாத காருக்குத் திரை ஏர்பேக் பொருத்த இடமேது என்ற கேள்விக்கு விடை அப்போதே கிடைத்துவிட்டது. 226-ஆம் விதியோ அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து வந்தும் கன்வெர்ட்டிபிளை விலக்கியே வைத்தது.

இவையெல்லாம் தயாரிப்பாளர் மனம் வைத்தால் வருபவை. மனம் வைக்காவிட்டால் வராது. உலகத்தில் மிக அதிகம் விற்ற இரு இருக்கை ரோட்ஸ்டரான மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1989-இல் இருக்கைகளுக்குப் பின்னால் எந்த வளைவும் இல்லாமல்தான் வந்தது. பிந்தைய தலைமுறைகளில் வளைவு சேர்ந்தது. இரண்டு வகையும் இன்று பழைய கார் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. வாங்குகிறவருக்கு வித்தியாசத்தைச் சொல்ல எந்தச் சான்றிதழும் இல்லை.

பந்தயக்காரர்கள் இந்த விஷயத்தில் அரசுகளைவிடக் கறார். அமெரிக்க ரேஸ் டிராக்குகளில் ஓப்பன் காரைக் கொண்டுபோனால் முதலில் நடப்பது துடைப்பக் குச்சிச் சோதனை. இருக்கைக்குப் பின்னால் வளைவாக நிற்கும் ரோல் பாரின் உச்சியில் ஒரு நீளக் குச்சியின் ஒரு முனையை வைத்து மறுமுனையைக் காரின் முன்பக்கம் சாய்ப்பார்கள். ஹெல்மெட் போட்டு, பெல்ட் இறுக்கி உட்கார்ந்திருப்பவரின் தலை குச்சியை இடித்தால் டிராக்கில் இறங்க அனுமதியில்லை. உயரமான ஓட்டுநர்கள் இருக்கையின் பஞ்சைப் பிய்த்தெடுத்துவிட்டு உட்கார்ந்து தேறுவதும் உண்டு. தனியாக ரோல் பார் வாங்கி மாட்டுவதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டிராக்கில் ஹெல்மெட் உள்ள தலையைக் காப்பாற்றும் அந்த இரும்புக் குழாய், ஊருக்குள் சாதாரண மோதலில் ஹெல்மெட் இல்லாத தலையைப் பதம் பார்த்துவிடும்.

கறாராக இருந்தாலும் சோதனை போதாமல் போகலாம் என்பதற்கு 2022 ஜூலை 3 சாட்சி. சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ தொடங்கிய சில நொடிகளில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜோ குவான்யூவின் ஆல்ஃபா ரோமியோ மோதுண்டு தலைகுப்புற விழுந்தது. தலைகீழாகவே தார்ச்சாலையில் சறுக்கி, ஜல்லியைக் கடந்து, டயர்த் தடுப்பைத் தாண்டி, வேலிக்கும் தடுப்புக்கும் இடையே போய்ச் சொருகிக்கொண்டது. தலைக்குப் பின்னே இருந்த ரோல் வளைவு முதல் அடியிலேயே பெயர்ந்துபோயிருந்தது. 2018-இல் கட்டாயமாக்கப்பட்ட, ஓட்டுநரின் தலையைச் சுற்றி நிற்கும் ஹேலோ வளையம்தான் அவரைக் காப்பாற்றியது. பெரிய காயமின்றி நடமாடினார். ஃபார்முலா ஒன்னின் நிர்வாக அமைப்பான எஃப்.ஐ.ஏ. உடனே உட்கார்ந்து, ரோல் வளைவின் உச்சி வடிவம், தாங்க வேண்டிய சுமை, சோதனை முறை எல்லாவற்றையும் அடுத்த ஆண்டுக்கே கடுமையாக்கியது. ஒரு விபத்து, யாரும் சாகவில்லை, விதி மாறிவிட்டது. சாலைக் காரின் விலக்கோ அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

கூரைக்கு வகுத்த சோதனையைக் கூரையில்லாத காருக்கு எப்படி நடத்துவது என்று தயாரிப்பாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், எஃகுப் பலகையை வைக்க அங்கே மூலை இல்லை. ஆனால் காரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கும் செய்முறையை எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் சங்கம் எப்போதோ எழுதி வைத்துவிட்டது. தங்கள் கன்வெர்ட்டிபிள்களைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கும் நிறுவனங்களும் உண்டு. முடிவுகள் அவர்கள் அலமாரிக்குள் இருக்கின்றன. கூபேயைப் போலவே கன்வெர்ட்டிபிளும் எடையில் மூன்று மடங்கு தாங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விண்ட்ஷீல்டு சட்டம் எவ்வளவு தாங்கும், வளைவு எவ்வளவு தாங்கும், கவிழ்ந்த பிறகு தலைக்கும் தரைக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் மிச்சம் என்று அளந்து, அந்த எண்ணை விலைச் சீட்டில் ஒட்டட்டும். அது பெரிய கோரிக்கை அல்ல.

ஐரோப்பிய யூரோ என்கேப் நட்சத்திரங்களை நம்பி வாங்கலாமே என்றால், அந்தத் தர மதிப்பீட்டில் கூரையை அழுத்திப் பார்க்கும் சோதனை கிடையாது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் பாரத் என்கேப்பும் முன்புற மோதல், பக்கவாட்டு மோதல், கம்ப மோதல் என்றே போகிறது. இறக்குமதி ரோட்ஸ்டர்கள் நம் ஊரில் விரல் விட்டு எண்ணும் அளவே என்பதால் இது பணக்காரர் கவலை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 2020-இல் வந்த மஹிந்திரா தார் துணிக்கூரையோடும் விற்றது. அதில் உள்ளேயே ஒரு ரோல் கூண்டு இருந்தது என்பது பாராட்ட வேண்டியது. உயரமான வண்டிக்குத் துணிக்கூரை என்றால், ரோட்ஸ்டரைவிட அதற்குத்தான் கூண்டு அவசியம்.

கன்வெர்ட்டிபிள் வாங்க வசதியும் ஆசையும் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். புள்ளிவிவரம் தடை சொல்லவில்லை. பழைய மாடல் என்றால் ஈ.எஸ்.சி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் வளைவு இருக்கிறதா, நிலையானதா, தானாக எழுவதா, எழுவது என்றால் விபத்துக்குப் பிறகு மாற்றப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, விண்ட்ஷீல்டின் மேல்விளிம்புக்கும் வளைவின் உச்சிக்கும் ஒரு நூலைப் பிடித்துப் பார்க்கலாம். தலை நூலை இடித்தால், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்தக் காரை விட்டுவிட்டு அதே மாடலின் கூபேயைக் கேளுங்கள்.